ருக்மணியிடம் இல்லாத இரண்டு வருஷம்

புத்தூர் சந்தைக்கு நடந்துபோகிற பெண்கள் வழியெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் குப்புற விழுந்தது, எது பல் முளைத்ததும் பால் கொடுத்தவளையே கடித்தது, எது நடப்பதற்கு முன்னால் பேசியது. இந்தப் பேச்சு தொடங்கினால் ருக்மணி சும்மாட்டைச் சரிசெய்வதுபோல் பின்தங்கிவிடுவாள். அவளுக்கும் ஒரு பெண் உண்டு. பெயர் மங்கா. ஆனால் மங்கா எப்போது குப்புற விழுந்தாள், எப்போது நடந்தாள், முதலில் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று கேட்டால் ருக்மணியிடம் பதில் இல்லை. மறந்துவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு பொருளை வைத்த இடம் தெரியாவிட்டால்தான் மறதி. அவள் அந்தப் பொருளை எங்கும் வைக்கவே இல்லை.

ஆந்திர மாநிலம் பிரிந்து மூன்று வருஷம் ஆகப்போகிற ஆவணி மாதத்தில் மங்கா பிறந்தாள். ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. ருக்மணியின் கணவன் எத்திராஜுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுவான். பிரசவ வலி இரண்டு நாள் நீடித்தது. மாமியார் செல்லியம்மா வாசலில் கற்பூரம் ஏற்றி, தாயும் பிள்ளையும் பிழைத்தால் ருக்மணியின் முடியைத் திருமலையில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். இருவரும் பிழைத்தார்கள். கடலை பிடுங்கியதும் போகலாம் என்றார்கள். பிறகு, பொங்கல் கழியட்டும் என்றார்கள்.

பொங்கல் கழிந்தபோது ருக்மணிக்கு என்னவோ ஆரம்பித்திருந்தது. முதலில் பால் குறைந்தது. பிறகு முகம் ஊதியது. குரல் கனத்துக் கரகரத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் யாரோ ஆண்பிள்ளை பேசுவதுபோல் இருக்கும். சித்திரை வெயிலில் ஊரே வெளியில் பாயைப் போட்டுப் படுத்தபோது அவள் உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். உலை கொதித்துக்கொண்டே இருக்கும். அரிசி முறத்திலேயே இருக்கும். எதையாவது கேட்டால், கேட்டவர் போய்விட்ட பிறகு பதில் வரும். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது.

"ஏழுமலையான் சும்மா வுடுவாரா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலம்மா. "அசல நீங்க குடுக்கல. அவரு வட்டிய புடிச்சிக்கினு கீறாரு. மொதல்ல முடி, அப்பால புத்தி."

"உன் வாய கழுவுடி," என்றாள் செல்லியம்மா. ஆனால் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எத்திராஜின் அக்கா பொன்னியம்மாள் திருத்தணிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் சின்னசாமி ஆடு வைத்திருந்தான். பிள்ளை இல்லை. தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒருநாள் வந்தாள். வாசலில் நுழையும்போதே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ருக்மணி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அழுதால் எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவளிடம் வந்து சேரவில்லை.

பொன்னியம்மாள் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். மறுநாள் காலை ரயிலில் அதைத் திருத்தணிக்குக் கொண்டுபோய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. ருக்மணி கதவுவரை வந்து நின்றாள் என்று பின்னால் செல்லியம்மா சொன்னாள். ருக்மணிக்கு அந்தக் கதவுகூட ஞாபகம் இல்லை.

வேண்டுதலை நிறைவேற்ற இரண்டு வருஷம் ஆனது. கார்த்திகையில் எத்திராஜ் அவளைத் திருமலைக்கு அழைத்துப்போனான். முடி எடுக்கும் மண்டபத்தில் அவள் தலையைப் பார்த்த நாவிதர், "சாமிக்கு முன்னாடியே யாரோ வந்துட்டுப் போய்ட்டாங்க போல," என்றார். எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தரிசனம் முடிந்து கீழே இறங்கியதும் திருப்பதி பஸ் நிலையத்தில் ருக்மணி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கை கால் ஜில்லிட்டிருந்தது. இரண்டு பேர் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா தமிழ் பேசுகிறவர். ருக்மணியிடம் பெயரைக் கேட்டார். பதில் வரும்வரை அவசரப்படாமல் காத்திருந்தார். வந்த குரலைக் கேட்டதும் எத்திராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இந்தக் குரல்?"

"ரெண்டு வருசமா, டாக்டரம்மா. முன்னாடி நடவுல இவ பாடனா அடுத்த கழனில வேல நின்னுடும்."

டாக்டரம்மா ருக்மணியை முழங்காலிடவைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. பிறகு மெல்ல மெல்ல, மனசில்லாமல் வீடு திரும்புகிறவளைப்போல, பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை தட்டினார். அதேதான்.

"பாத்தீங்களா? போன கால் திரும்பி வர்றதுக்கு எவ்வளவு நேரமாகுது. இவங்க உடம்பு முழுக்க இப்படித்தான் நடக்குது. மூளையும்தான்."

"பேயி பிசாசு ஒண்ணும் இல்லீங்களே?"

"பேய்க்குக் கால் கிடையாதுன்னு சொல்வாங்க. இவங்க காலைத்தான் இப்ப தட்டிப் பாத்தோம்."

பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். இங்கே ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறுவது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போய், வேலையை நடத்து என்று சொல்ல வேண்டும். அது ஊறாவிட்டால் சூடு குறையும், முடி உதிரும், குடல் சோம்பும். ஞாபகம் வைப்பதும் மூளைக்கு ஒரு வேலைதான். அடுப்பு எரியாமல் அரிசி வேகாது. சில பெண்களுக்குப் பிரசவம் ஆன சில மாதங்களில் இந்தச் சுரப்பி இப்படிப் படுத்துவிடுகிறது.

"குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா வூட்ல கீதுங்க. நல்லா துறுதுறுன்னு கீது."

"குழந்தை வயித்துல இருக்கும்போதே இது வந்திருந்தா அதோட மூளை வளர்ச்சியே கெட்டிருக்கும். தப்பிச்சீங்க. என்ன சாப்பிடுது?"

"ஆட்டுப்பாலு, கேவுரு கூழு, வேர்க்கல்ல. தெனம் ஒரு முட்ட. வூட்ல வேற யாருக்கும் முட்ட கெடையாது. எங்க மாமன் கேட்டா, நீ வளந்து முடிச்சிட்டன்னு சொல்லுவா எங்க அக்கா."

டாக்டரம்மா சிரித்தார். "உங்க அக்காவுக்கு ஒரு கும்பிடு போடுங்க. பொறந்து மூணு வயசுக்குள்ள மூளை வளர்ற மாதிரி அப்புறம் என்னைக்கும் வளராது. அப்ப வயிறு காஞ்சா, பின்னாடி எவ்வளவு போட்டாலும் ஈடு கட்ட முடியாது."

ஒரு சீசாவில் மாத்திரைகள் கொடுத்தார்கள். ஆட்டின் கழுத்திலிருக்கும் அதே சுரப்பியை எடுத்துக் காயவைத்துப் பொடித்துச் செய்தது. இவளுக்கு ஊறாததை ஆட்டிடமிருந்து வாங்கிக் கொடுக்கிறோம், தினமும் சாப்பிட வேண்டும், ஆயுசு முழுக்க, என்று டாக்டரம்மா சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் ருக்மணி களத்தில் நின்றுகொண்டு, "வேர்க்குது," என்றாள். செல்லியம்மா திரும்பிப் பார்த்தாள். "அத்தே, எனக்கு வேர்க்குது," என்று கழுத்தைத் தொட்டு விரலைக் காட்டினாள். இரண்டு வருஷத்தில் முதல் வேர்வை. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேரிடம் அதைச் சொல்லிவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பசு எந்த நேரத்தில் கத்தும் என்பது வந்தது. கமலம்மா தரவேண்டிய உழக்கு எண்ணெய் வந்தது. குரல் இளகியது. ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "மாமா, மங்கா எங்க?" என்றாள். எத்திராஜ் அதை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

அடுத்த முறை திருப்பதிக்குப் போனபோது, போன இரண்டு வருஷம் திரும்பி வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"பலகையில எழுதி அழிஞ்சிருந்தா சாய்ச்சுப் பிடிச்சாலாவது தெரியும்," என்றார் அவர். "எழுதவே இல்லையேம்மா."

திருத்தணியில் மங்கா முதல்முறை அவளைப் பார்த்துப் பொன்னியம்மாளின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். "உங்கம்மாடி, வா," என்று பொன்னியம்மாள் இழுத்தபோது, "நீதான் அம்மா," என்று அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ருக்மணி நாலைந்து தடவை போய் வந்தாள். ஆனி மாதத்தில் மங்காவை ஊருக்குக் கூட்டிவந்தார்கள்.

குழந்தை வெகு சூட்டிகை. திருத்தணி வீட்டு ஆடுகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லுவாள். எத்திராஜ் எந்தச் சட்டையைப் போட்டால் எங்கே போவான் என்று சொல்லுவாள். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில் பேசுவாள். "இன்னா புத்தி, இன்னா புத்தி," என்று கமலம்மா கன்னத்தை வழிப்பாள். ருக்மணிக்குப் பெருமையாக இருக்கும். கூடவே ஒன்று உறுத்தும். இந்தப் புத்தி முளைத்து வளர்ந்த நாட்களில் அதற்கு ஊட்டிய கை வேறொருத்தியின் கை. அந்த முட்டைகளில் ஒன்றைக்கூட அவள் உரிக்கவில்லை. ஆனாலும் ஆடி கழிவதற்குள் மங்கா அவள் கையால் சாப்பிட ஆரம்பித்தாள். ஆவணியில் ஒருநாள் தூக்கத்தில் புரண்டு வந்து அவள் வயிற்றில் காலைப் போட்டாள். ருக்மணி விடியும்வரை அசையாமல் கிடந்தாள்.

அடுத்து புரட்டாசி வந்தது.

புரட்டாசி பெருமாள் மாதம். அந்தப் பக்கத்தில் யார் வீட்டிலும் கறி கிடையாது. மாதம் பிறப்பதற்கு முதல் நாள் வீட்டை மெழுகி, கறி சமைக்கிற சட்டியைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் கட்டிவிடுவார்கள். ருக்மணியும் அப்படியே செய்தாள். சட்டியைக் கட்டும்போது மாத்திரைச் சீசா நினைவுக்கு வந்தது. ஆட்டின் கழுத்து. புருஷனிடமும் கேட்கவில்லை, மாமியாரிடமும் கேட்கவில்லை. தன் புத்தியைத் திருப்பிக் கொடுத்த சாமிக்கு ஒரு மாதமாவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். சீசாவைக் கறிச்சட்டிக்குள் போட்டுக் கட்டித் தொங்கவிட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் உடம்பு கொஞ்சம் கனத்தது. சனிக்கிழமை விரதம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் மங்காவை அழைத்துக்கொண்டு புத்தூர் சந்தைக்குப் போனாள். கத்தரிக்காய் விற்றாள். மிளகாயும் உப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மங்கா எங்க?" என்றான் எத்திராஜ்.

அவள் கூடையை இறக்கி, உள்ளே பார்த்தாள்.

எத்திராஜ் சந்தைக்கு ஓடினான். வளையல்காரியின் பாயில் உட்கார்ந்து மங்கா வளையல்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அவுங்க பூட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாளில் பொன்னியம்மாள் வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நான் குடுத்தனுப்பனது கொழந்த. சந்தையில வெச்சுட்டு வர்றதுக்கு அது கூடை இல்ல," என்றாள். எத்திராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத. அந்த வளையல்காரி நல்லவளா இருந்தா. கெட்டவளா இருந்திருந்தா?" மங்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். இந்த முறை ருக்மணி கதவில் நின்றதும், மங்கா திரும்பிப் பார்க்காததும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

ஐப்பசி பிறந்து கறிச்சட்டியை இறக்கியபோது உள்ளே சீசாவைப் பார்த்த எத்திராஜ் அவளை மறுபடி திருப்பதிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த ஆடு எங்கேயோ எப்பவோ செத்ததும்மா. பெருமாள் உங்க கறிச்சட்டியை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்காரு?"

"தோசம் இல்லீங்களா?" என்றான் எத்திராஜ்.

"இருந்தா என் பேர்ல போடச் சொல்லுங்க."

பிறகு ருக்மணியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "குழந்தைக்காக அழாதீங்க. சின்ன வயசுல நடந்தது யாருக்கும் நிக்காது. கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டீங்கன்னா அந்த அத்தையை அவ மறந்துடுவா. இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க மட்டும்தான் இருப்பீங்க." ஆறுதலாகத்தான் சொன்னார். ருக்மணிக்கு அது சுருக்கென்றது.

மாசியில் எல்லைப் பேச்சு ஊரெங்கும் பரவியது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி மெட்ராஸோடு சேர்கிறது. புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே இருக்கும். அதுவரை இரண்டும் ஒரே சித்தூர் ஜில்லா. "நடுவுல பொன்பாடி டேசன் கிட்ட வழிய மறிச்சி ஒரு கேட்டு போடுவாங்களாம்," என்றாள் கமலம்மா. "சீட்டு இல்லாம அந்தாண்ட இந்தாண்ட போவ முடியாதாம். எந்தப் பக்கத்துல கீதோ அந்தப் பக்கத்துக் கொழந்தயா பூடுமாம்." அவள் சொல்வதில் பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது. ருக்மணி அந்த வாரமே தனியாக ரயிலேறினாள்.

பொன்னியம்மாள் வாசலில் உட்கார்ந்து விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மங்கா ஆட்டுக்குட்டியோடு வேலியோரம் இருந்தாள்.

"இட்டுக்கினு போவ வந்தியா?"

"ஆமா, அண்ணி."

"காத்தால மாத்திர துன்னியா?"

"துன்னேன்."

"பொரட்டாசி வந்தா?"

"பொரட்டாசிலயும் துன்னுவேன்."

"பெருமாளு கோச்சிக்கினாருன்னா?"

"கோச்சிக்கட்டும். அவருக்கு ஊரெல்லாம் புள்ளைங்க. எனக்கு ஒண்ணுதான்."

பொன்னியம்மாளின் உதடு ஒரு பக்கம் இழுத்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நாலைந்து கடலையை உடைத்துப் போட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய் மங்காவின் இரண்டு பாவாடையையும் சட்டைகளையும் ஒரு துணியில் வைத்து மூட்டை கட்டினாள். மூட்டைக்குள் வறுத்த கடலையும் வைத்தாள். ருக்மணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கேட்டுச் சண்டைபோட வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் மனதில் தயார்செய்துகொண்டு வந்த வார்த்தைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

"அண்ணி, மங்கா மொதல்ல எப்ப நடந்தா?"

பொன்னியம்மாளின் கை முடிச்சில் நின்றது.

"இன்னா பேசனா மொதல்ல? பல்லு எது மொளச்சுது? எனக்கு ஒண்ணுமே இல்ல அண்ணி. நீ சொன்னா நான் வெச்சுக்குவேன்."

"அத்த கேக்காத."

"ஏன்?"

"கொழந்த உன்னுது. பெத்தவ நீ. இட்டுக்கினு போ, நான் குறுக்க நிக்கல." பொன்னியம்மாள் மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாளைக்கு இது பள்ளிக்கூடம் போவும். என் மூஞ்சி மறந்துடும். உனக்கும் அந்த ரெண்டு வருசம் தெரியாது. இப்போ அது என்கிட்ட மட்டுந்தான் கீது. அத்தயும் குடுத்துட்டா நான் இன்னாத்த வெச்சுக்கறது?"

ருக்மணி கையை நீட்டினாள். மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

ரயில் கிளம்பியதும் மங்கா அழ ஆரம்பித்தாள். "அம்மாகிட்ட போவணும், அம்மாகிட்ட போவணும்."

எதிரில் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரி, "அழுவாத கண்ணு, அம்மா பக்கத்துலதான கீறாங்க," என்றாள்.

சரி என்று தலையாட்டியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாளில் குழந்தைக்கும் அதுவே உண்மையாகிவிடும். ருக்மணிக்கு இரண்டு வருஷம் அழிந்துபோன வலி தெரியும். குழந்தைக்கும் அதையே செய்துதான் அவளை அடையவேண்டும் என்றால் அவளால் முடியவில்லை.

"உங்கம்மா திருத்தணில கீறாங்க," என்றாள். "அமாசிக்கு அமாசி இட்டுக்கினு போறேன். மறக்காத, மங்கா."

"அப்போ நீ யாரு?" என்றாள் வெற்றிலைக்காரி, ஒரு மாதிரியாகப் பார்த்து.

"நானும் அம்மாதான்."

பொன்பாடியில் கேட்டு எதுவும் போடவில்லை. தண்டவாளத்தோரம் இரண்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மங்கா அழுது ஓய்ந்து அவள் மடியில் தூங்கிப்போனாள்.

ருக்மணி சொன்னபடியே செய்தாள். எல்லை பிரிந்த பிறகும் ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை குழந்தையைத் திருத்தணிக்குக் கூட்டிப்போனாள். "உன் கையால உன் எடத்த நீயே குடுத்துக்கினு கீற," என்று எத்திராஜ் முணுமுணுத்தான். மங்கா ஒருத்தியைத் திருத்தணி அம்மா என்றும் இன்னொருத்தியை வூட்டு அம்மா என்றும் கூப்பிட்டாள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ருக்மணி அதன்பிறகு கேட்கவில்லை. சந்தைக்குப் போகும்போது மட்டும் பழையபடி பின்தங்குவாள்.

இரண்டு பொங்கல் போயிற்று. மூன்றாவது பொங்கலுக்குப் பொன்னியம்மாள் தம்பி வீட்டுக்கு வந்தாள். கரிநாளன்று வாசலில் உட்கார்ந்து மங்காவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். உள்ளே ருக்மணி பணியாரக் கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு வாசல் பக்கம் இருந்தது.

"அம்மா, நான் சின்னதுல நல்லா ஓடுவேனா?" என்று மங்கா கேட்டாள்.

"ஓடறதா. நீ நடந்ததே தமாசு. ஒன்பது மாசம். நம்ம வெள்ளாடு இல்ல, ஒத்தக் கொம்பு, அது வால புடிச்சிக்கினு எழுந்த. அது நவுந்துச்சு. நீ வுடல..."

அடுப்படியில் மாவு ஊற்றும் கை நின்றது.

"மங்கா, வாடி!" என்று தெருவில் யாரோ பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மங்கா பாதிப் பின்னலோடு எழுந்து ஓடிவிட்டாள். பொன்னியம்மாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஓடுவதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, உள்ளே அசையாமல் இருந்த அந்த முதுகைப் பார்த்தாள். கல்லில் பணியாரம் கருகுகிற வாசனை வந்தது.

"அது நவுந்துச்சு," என்றாள் பொன்னியம்மாள், அடுப்படிக்குக் கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "இவ வுடல. கேழ்வரகு காயப்போட்டிருந்த பாய மிதிச்சிக்கினு, அதும் பின்னாலயே போறா. எங்க வூட்டுக்காரு கோவணத்தோட ஓடி வர்றாரு, கொழந்த கொழந்தன்னு. நான் சொன்னேன், கத்தாத, கத்தனா வுழுந்துடுவா, சும்மா பாருன்னு..."